பக்கம் 211

புந்தா அரேனாஸில் பெருங்காற்று வீசும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் நூலகம் வந்து சேர்ந்தேன்.
'தேடுவது எப்படி' வகுப்பு. வியாழன், மாலை நான்கு மணி.
பெயர் கொடுத்தவர்கள் பதினேழு பேர்.
வந்தவர்கள் நான்கு.
அதில் நினோஸ்கா ஹீட்டருக்காக வந்தவள்,
அவளே சொன்னாள்.

டாங்கோ கார்கமோ மட்டும் கேள்வியோடு வந்திருந்தான்.
காற்றில் சாய்ந்து வளரும் லெங்கா மரங்கள் பற்றி
ஆய்வேடு எழுதுகிறான்.
"இந்த ஒரு கட்டுரை மட்டும் கிடைக்கவில்லை, மிலென்கா.
எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.
ஒருவரிடமும் இல்லை."

சோட்டோமயோர், அ. 1974.
தென்கோடி மரங்களின் சாய்வுக் கோணம்.
பல்கலைக்கழக ஆண்டிதழ், தொகுதி 12, பக். 211–219.

தொகுதி 12 நம் அலமாரியிலேயே இருந்தது.
நால்வரும் சுற்றி நிற்கப் பிரித்தேன்.
பக்கம் 198இல் முடிந்துபோனது.
அட்டையின் உட்புறத்தைக்கூடத் தடவிப் பார்த்தான் டாங்கோ.

நதிமூலம் பார்க்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
மாலை முழுக்கப் பின்னோக்கிப் போனோம்,
ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டுக்கு.
முப்பத்தொரு ஆய்வேடுகள்.
எவனோ ஒருவன் 219ஐ 291 என்று எழுதிவிட்டான்;
அவன் வழி வந்த ஒன்பது பேரிடமும் 291.
குடும்பத்து மச்சம் போல
வாரிசுக்கு வாரிசு இறங்கியிருந்தது அந்தப் பிழை.
நடுவில் யாரோ 'முப்பத்துநான்கு டிகிரி' என்று
ஓர் அளவையும் சேர்த்திருந்தார்.
அதன் பிறகு எல்லோருக்கும் முப்பத்துநான்கு.

மிகப் பழைய ஆய்வேடு 2010.
அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.
அடித்தளத்தில் பழைய பெட்டிகளைப் பார்த்து வருகிறேன் என்று
தனியாக இறங்கினேன்.

மூன்றாவது பெட்டியில் என் கையெழுத்து.

2009. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம்.
நூற்பட்டியலில் கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே
என்று காட்ட ஒரு துண்டுத்தாள் தயாரித்தேன்.
உதாரணம் ஒன்று வேண்டியிருந்தது.
சோட்டோமயோர் என் வீட்டுக்காரர்,
ஒன்றாம் தேதி தவறாமல் கதவைத் தட்டுபவர்.
211 என் அறை எண்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் சாய்ந்திருந்தது.
அவ்வளவுதான்.
கமாக்கள் எல்லாம் சரியாக இருந்தன.

பெட்டியை மூடியிருக்கலாம்.
கூரைத் தகரத்தைக் காற்று அறைந்துகொண்டிருந்தது,
மூடும் சத்தம் எவருக்கும் கேட்டிருக்காது.
கொஞ்ச நேரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மேலே வந்து தாளை மேசையில் வைத்தேன்.
நினோஸ்கா சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.
டாங்கோ சிரிக்கவில்லை.
"அப்படியானால் இந்த மரங்களை
இதுவரை ஒருவரும் அளக்கவே இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு திருத்திக்கொண்டேன்:
"நாம் தேடிய இடங்களில் இல்லை."
அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்,
தேதியும் போட்டு.

முப்பத்தொரு பேருக்கும் கடிதம் எழுதினேன்.
நான்கு பேர் பதில் போட்டார்கள்.
ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார்:
'முப்பத்துநான்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கிறது,
விட்டுவிடுங்கள்.'
நான் எழுதிய வரியில் எண்ணே கிடையாது, ஐயா.

புதுத் துண்டுத்தாளில் உதாரணத்துக்குக் கீழே
தடித்த எழுத்தில் சேர்த்தேன்:
இப்படி ஒரு கட்டுரை உலகில் இல்லை.
அடுத்த பருவத்தில் ஒரு மாணவி
அந்த வாக்கியத்தையும் சேர்த்தே
நூற்பட்டியலில் எழுதிக் கொடுத்தாள்.

இன்று காலை வால்டிவியா நூலகத்திலிருந்து ஒரு படிவம்.
சோட்டோமயோர் கட்டுரையின் நகல் வேண்டுமாம், அவசரம்.
பதிலுக்கு இரண்டே கட்டங்கள்:
இரவல் போயிருக்கிறது.
தொலைந்துவிட்டது.

பேனா மூடியைக் கழற்றினேன்.
மூன்றாவதாக ஒரு கட்டம்
அளவுகோல் வைத்து வரைந்துகொண்டிருக்கிறேன்.